பின்னால் எடுக்கத் தெரியாத கார்க்காரர்

சங்கரன்கோவிலில் பன்னிரண்டு தறி வைத்திருந்த ஆறுமுகச்சாமியை ஊரில் எல்லோரும் தைரியசாலி என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நான். கார் என்று ஒன்றை வாங்கிய நாளிலிருந்து அவர் எப்படிப் பயந்தார் என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் சொன்னால் அப்பாவுக்குக் குறைச்சல் என்கிறார்கள் பிள்ளைகள். ஒரு குறைச்சலும் இல்லை. நான் சொல்கிறபடியே எழுதுங்கள்.

மூத்தவளைக் கட்டிக்கொடுத்த மறுவருஷம், எழுபத்து மூன்றோ நாலோ, சிவகிரியில் ஒரு வியாபாரி வீட்டில் நின்ற பழைய கறுப்புக் காரை வாங்கி வந்தார். கார் வந்த அன்றே வீட்டில் நிம்மதி போய்விட்டது. மார்கழி மாதத்துக் காலையில் அது லேசில் கிளம்பாது. முன்னால் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும். எதிர்த்து அடித்தால் மணிக்கட்டு கழன்றுவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் அவர் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துள்ளி விலகுவார். பெட்ரோல் காட்டுகிற முள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். வேப்பங்குச்சியைத் தொட்டிக்குள் விட்டு, ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், "அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க காருதான்" என்று வந்து நிற்பார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வராது.

ஓட்டப் படித்த கதையைச் சொல்ல வேண்டும். மூக்காண்டி என்று ஒரு லாரி டிரைவர். விடியற்காலையில் ரதவீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று அங்கேதான் சொல்லிக்கொடுத்தான். கோயிலைச் சுற்றி நாலு வீதி. மூன்று நாள் இரண்டு பேரும் வலம் வந்தார்கள். நாலாம் நாள் மூக்காண்டி, "அண்ணாச்சி, இன்னைக்கு ரிவர்ஸு" என்றிருக்கிறான்.

"ஏலே, கோயிலைச் சுத்துத ரோட்டுல பின்னால போறதா? அப்பிரதட்சணம் ஆயிரும்லா?"

"சாமி கோவிச்சுக்கிடாது அண்ணாச்சி. லாரிக்காரன்தான் கோவிப்பான்."

"அதெல்லாம் வேண்டாம். வேற ரோட்டுல பார்த்துக்கிடுவோம்."

மறுநாள் மூக்காண்டி கொச்சிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்த பிறகும் இவர் அவனைத் தேடிப் போகவில்லை. வெட்கம். கார் வைத்திருக்கிற முதலாளி, பின்னால் எடுக்கத் தெரியாது என்று எப்படிப் போய்ச் சொல்வார்?

அதனால் அவர் போகிற வழியெல்லாம் சுற்றுவழிதான். எங்கே நிறுத்தினால் நேரே கிளம்பிப் போகலாம் என்று முந்தின நாளே யோசிப்பார். முட்டுச்சந்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த வீட்டு விசேஷத்துக்கு நடந்தே போவார். சந்தை நாளில் எதிரே மாட்டு வண்டி வந்துவிட்டால், வண்டிக்காரன்தான் மாட்டை அவிழ்த்து வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். "முதலாளி காரு பின்னால போவாதுடே, அது முன்னேறுத சாதி" என்று தறிக்காரர்கள் சிரிப்பார்கள். இவரும் கூடச் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இந்த ரோடு எங்கேயாவது முடிந்துவிடக் கூடாதே என்று அம்மனை வேண்டிக்கொண்டே போவேன்.

ஒருநாள் முடிந்தது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், ஐப்பசி மாதம். இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் உள்ளடங்கின சின்ன ஊர் என் பிறந்த ஊர். தம்பி உச்சிமாகாளியின் மகளுக்குக் காதுகுத்து. நாங்கள் இரண்டு பேரும் காரில் போனோம். அந்த ஊருக்கு எங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டுமென்றால் கண்மாய்க் கரைமேல்தான் போக வேண்டும். ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயல். கரையில் பாதி தூரத்தில் மறுகால் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியே விழும். காலையில் கரண்டைக் காலளவு ஓடியது. தாண்டி வந்துவிட்டோம். ஊர்க் களத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டு, வந்த பக்கத்தையே பார்க்கும்படி காரைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் அவர் பந்திக்கு வந்தார்.

காது குத்தி முடிந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்தது. மத்தியானம் தம்பி மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் படப்புக்குப் போனான். "அக்கா" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி விரியன். கடித்துவிட்டுப் படப்புக்குள் போய்விட்டதாம். கணுக்காலுக்கு மேல் இரண்டு பொட்டு ரத்தம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் வீங்கியது.

அவன் பெண்டாட்டி முத்துத்தாய் சேலைக் கிழிசலால் கட்டினாள். வீட்டில் எங்கள் கோமதியம்மன் கோயில் புற்றுமண் இருந்தது. கரைத்துப் பூசினேன். பூசிக்கொண்டே, "காரை எடுங்க, கோவில்பட்டிக்குப் போவோம்" என்றேன். கோவில்பட்டி ஏழெட்டு மைல்தான். கண்மாய்க்கு எதிர்ப்பக்கம், நல்ல ரோடு.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி, அந்த ரோட்டுல நான் போனதே இல்ல. லாரியும் பஸ்ஸுமா வரும். எங்கன திரும்பணும், எங்கன நிப்பாட்டணும், ஒண்ணும் தெரியாது. நம்ம ஊருக்கே போவோம். பழகுன ரோடு, பறந்துருவேன்."

"இருவது மைலுல்லா?"

"ஏறு சொல்லுதேன்."

ஏறினேன். அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். எதற்கெல்லாமோ பிடிவாதம் பிடித்தவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஏறினேன். பின் சீட்டில் முத்துத்தாய் மடியில் தம்பி தலை. கூட வர ஆண் ஆள் கிடையாது. பந்தி முடிந்து எல்லோரும் மழை விட்ட ஈரத்தில் விதைக்கப் போய்விட்டார்கள்.

கரையில் ஏறிப் பாதி தூரம் போனதும் காரை நிறுத்தினார். மறுகாலில் இடுப்பளவு செந்தண்ணீர் போகிறது. பாவியிருந்த கல்லைக் காணோம். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கார் என்ன, யானைகூட அதில் இறங்காது.

தம்பி கண்ணைத் திறந்தான். "அத்தான், தண்ணியா? பின்னால எடுங்க. களத்துல திருப்பிக் கோவில்பட்டி போயிருவோம்." அவன் பல் இடுக்கில் ரத்தம் தெரிந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "மாப்ள, எனக்குப் பின்னால எடுக்கத் தெரியாது."

"வெளாடாதீங்க அத்தான்."

"வெளாடல."

தம்பி சிரித்தான். அந்த நேரத்திலும் சிரித்தான். "நாலு வருசமா காரு வச்சிருக்கீங்களே அத்தான். எங்க ஊரு எருமைக்குக்கூட பின்னால நடக்கத் தெரியுமே." முத்துத்தாய் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பொத்தின விரலில் ரத்தம் ஒட்டியது.

தள்ளலாம் என்றால் நாங்கள் இரண்டு பொம்பளைகள். கரையோ களிமண், வழுக்குகிறது. ஆள் கூப்பிட ஊருக்கு ஓடினால் ஓடி வருவதற்குள் இவன் இருப்பானா? நான் இறங்கினேன். காருக்கும் கரை ஓரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு கால் வைக்கத்தான் இடம். காரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் நின்றேன்.

"எடுங்க. நான் சொல்லுதேன், எந்தப் பக்கம் போவணும்னு."

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "பின்னால நிக்காதட்டி! கால் தவறி அமுக்கிட்டேன்னா?"

"அதுக்குத்தான் நிக்கேன். நான் இங்கன நின்னாத்தான் உங்க கால் பிரேக்க விட்டுப் போவாது."

"தள்ளிப் போட்டி!"

"போமாட்டேன். என் தம்பி உள்ள கெடக்கான், நான் எங்கன போவ? எடுங்க."

மூக்காண்டி ரிவர்ஸ் கியர்க் கம்பியை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு தடவை காட்டியிருந்தானாம். இரண்டு முறை கரகரவென்று அரைத்துவிட்டு மூன்றாவது முறை விழுந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி என் மேல் வந்தது. நான் காரைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்தேன். எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் கண் இரண்டு சக்கரத்தின் மேல்தான்.

கொஞ்சம் கண்மாய்ப் பக்கம் ஒதுங்கியது. "வயப் பக்கம்! வயப் பக்கம்!" என்று கத்தினேன். பின்னால் போகும்போது எல்லாம் தலைகீழாகத்தான் இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டு, கண்மாய்ப் பக்கமே திருப்பிவிட்டார். சக்கரம் ஓரத்துக்குப் போனது. மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. பொளக், பொளக்.

"நிப்பாட்டுங்க!"

நின்றது. சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்கூடக் கிடையாது. பின் கண்ணாடியில் முத்துத்தாயின் முகம் ஒட்டியிருந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உள்ளே இருப்பது என் தம்பி, அவன் பெண்டாட்டி, என் புருஷன். மூன்று பேரும் போனால் நான் கரைமேல் நின்று என்ன செய்ய?

"என்னால முடியாதுட்டி" என்றார். சின்னப் பிள்ளை குரல்.

"முன்னால ஒரு முழம் போங்க. முன்னால போவத்தான் தெரியும்லா? போங்க."

ஒரு முழம் முன்னால் எடுத்தார். கார் நேரே வந்தது.

"இப்ப பின்னால. நான் வயப் பக்கம்னு சொன்னா வயப் பக்கமே திருப்புங்க. தலைகீழா ஒண்ணும் நினைக்காதீங்க. நான் சொல்லுததை மட்டும் கேளுங்க."

அப்படித்தான் வந்தோம். நான் கத்துவேன், முத்துத்தாய் அதை வாங்கி அவர் காதில் கத்துவாள். நத்தை நகர்ந்த மாதிரி. ஒரு தடவை கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். காரின் பின்கம்பி என் முழங்காலைத் தொட்டு நின்றது. சூடு தெரிந்தது. எழுந்து நடந்தேன். அவர் கேட்டார்: "விழுந்தியா?" நான் இல்லை என்றேன்.

களம் வந்ததும் பாதம் சமதரையில் பட்டது. ஏறி உட்கார்ந்தேன். வட்டம் போட்டார். கோவில்பட்டி ரோட்டில் லாரி வந்ததா, பஸ் வந்ததா எனக்குத் தெரியாது. அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயா ஒருத்தி வந்தாள்.

"ஏ அம்மா, வெளிய ஒரு கார்க்காரர் உங்களைக் கூப்பிடுதாரு. வாசல்ல சுவரைப் பார்க்க நிப்பாட்டி வச்சிருக்காரு, ஒரு வண்டி உள்ள வர முடியல. எடுன்னா, என் வீட்டுக்காரி பின்னால வந்து நிக்கணும்ங்காரு. என்ன கூத்து இது?"

"வேற யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்க."

"சாவியைக் குடுக்கமாட்டேங்காரே."

"அப்ப நிக்கட்டும். என் தம்பி கண்ணு முழிக்காம நான் வரமாட்டேன்."

நான் போகவில்லைதான். காவல்காரர் வந்து சத்தம் போட்டார். அவரையும் திருப்பி அனுப்பினேன். பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வந்து பார்த்தார். ஈறில் ரத்தம் நின்றிருந்தது. "பிழைச்சுக்குவாரு" என்றார். கால் தேறப் பல மாதம் ஆயிற்று. இன்றும் உச்சிமாகாளி அந்தக் காலைச் சற்று இழுத்துத்தான் நடப்பான். தம்பி கண்ணைத் திறந்து, "அத்தான் எங்க, பின்னாலயே ஊருக்குப் போயிட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் வெளியே போனேன்.

வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒரு ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மத்தியானம் பார்த்த அதே முகத்தோடு உள்ளே இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "மாப்ள?" என்றார்.

"முழிச்சுட்டான்."

அவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் பின்னால் போய் நின்றேன். "எடுங்க" என்றேன்.

அந்தக் காரை விற்கிற வரைக்கும் ஒன்பது வருஷம், அது பின்னால் வந்தது என்றால் அதன் பின்னால் நான் நின்றிருக்கிறேன். தறிக்காரர்கள் பார்த்தார்கள், ரதவீதியில் கடைக்காரர்கள் பார்த்தார்கள், சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். நல்லது கெட்டதுக்கு நான் ஊருக்குப் போய்விட்டால் காரும் வெளியே போகாது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கறுப்பு முதுகு என்னை நோக்கி வரும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கும்; அம்மனை வேண்டிக்கொண்டே நிற்பேன். அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் எப்படி எடுத்திருப்பார்?