சிக்கனபள்ளியில் யானைக்கு அளந்த பங்கு

மார்கழிக் குளிரில், சேலம் பஸ் நிலையத்தில் ஒரு மூட்டை கேழ்வரகுக்குக் காவலாக நின்றிருந்தேன். கல்லூரிப் படிப்பு முடிந்த பிறகும் எங்கள் விலங்கியல் மன்றத்து நண்பர்கள் கலைந்து போய்விடவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சேர்த்த தானியம் அது.

"யாருக்குத் தம்பி இத்தனை ராகி?" என்றார் பஸ் கூரையில் மூட்டை ஏற்றுபவர்.

"யானைக்கு."

"அப்ப யானையையே வந்து தூக்கச் சொல்ல வேண்டியதுதானே!" என்று முனகிக்கொண்டே ஏற்றினார்.

விளையாட்டாகச் சொன்ன பதில் அல்ல அது. ஓசூரில் காட்டு விலங்குகளையும் அவற்றின் காட்டையும் காக்க ஒரு சின்னக் குழு இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையடிவாரத்தில், அறுவடைக் காலத்தில் யானைகள் கேழ்வரகுக் கொல்லைகளில் இறங்கிவிடும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சாப்பாடு போய்விடும். மறுநாள் நாட்டுத் துப்பாக்கி வெளியே வரும். இதற்குக் குழு கண்ட வழி, 'யானைப் பங்கு'. களத்தில் கதிர் அடித்ததும் ஒவ்வொரு விவசாயியும் ஒரு மரக்கால் தானியத்தை ஊர்ப் பொதுக் குதிரில் கொட்ட வேண்டும். அதற்கு ஈடாக இன்னொரு மரக்கால் குழு போடும். யாருடைய கொல்லை அழிந்ததோ அவருக்குக் குதிரிலிருந்து அளந்து கொடுப்பார்கள். அதற்குப் பதிலாக ஊரார் துப்பாக்கி எடுப்பதில்லை. யானைகள் ஏரிக்குப் போகும் தடத்தை அடைப்பதில்லை. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினேன். இரண்டு இட்லியும் காப்பியுமாக நாற்பது பைசா. குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நடந்தன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். "இன்னைக்கு ரோடு அதுங்களோடது" என்றார். பின்னால் நின்ற லாரிக்காரர் தெலுங்கில் திட்ட, மாட்டுக்காரர் கன்னடத்தில் பதில் சொல்ல, நடுவில் நாங்கள் தமிழில் வேடிக்கை பார்த்தோம்.

ஓசூரில் ஸ்டீபன் அண்ணன் சைக்கிளோடு காத்திருந்தார். மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை, குழுவுக்குச் செயலாளர். அவர் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸுக்காகக் காகித நட்சத்திரம் தொங்கியது. அவர் மனைவி சுடச்சுடக் களி உருண்டையும் கீரைக் குழம்பும் போட்டார். நான் களியை மெல்லப் பார்த்ததும், "முழுங்கணும் தம்பி, மெல்லக் கூடாது" என்று சிரித்தார். சாப்பிடும்போதுதான் ஸ்டீபன் அண்ணன் செய்தியைச் சொன்னார்.

"நீ வந்த நேரம் சரியில்ல தம்பி. சிக்கனபள்ளில பசப்பா கொல்லைய யானை மேஞ்சுட்டுது. அவரு ஒருத்தருதான் பங்கு குடுக்காதவரு."

"ஏன் கொடுக்கவில்லை?"

"'யானை எனக்கென்ன பங்காளியா, பங்கு பிரிச்சுக் குடுக்க?'ன்னு கேட்டாரு. இப்ப கோவத்துல யானைத் தடத்தையே முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சுட்டாரு. நாளன்னைக்குக் குழி வெட்ட ஆள் வருதாம்."

தடம் பசப்பாவின் நிலத்து ஓரமாகத்தான் போகிறது. அங்கே குழி விழுந்தால் கூட்டத்தோடு வரும் குட்டி முதலில் விழும். தாய் ஊரைச் சும்மா விடாது. ஊர் துப்பாக்கியை எடுக்கும். குழு இத்தனை ஆண்டுகள் பாடுபட்டதெல்லாம் அதோடு முடிந்தது.

மறுநாள் காலை தேன்கனிக்கோட்டைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், எழுபத்தைந்து பைசா டிக்கெட். அங்கிருந்து மாட்டு வண்டி. வழியெல்லாம் அறுத்த கொல்லைகள், கட்டுக்கட்டாகக் கதிர்ப் போர்கள். நான் மனத்துக்குள் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே வந்தேன்.

சிக்கனபள்ளிக் களத்தில் ஊர் கூடியிருந்தது. பசப்பா தள்ளி, தன் மாடுகளின் பக்கத்தில் நின்றார்; உயரமானவர், சவரம் செய்யாத முகம். என் பேச்சைத் தொடங்கக்கூடப் பொறுக்காமல், மூட்டையை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன். "ஐயா, இது சேலத்திலிருந்து கொண்டுவந்தது. ஊர்ப் பங்கு வேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள்."

அவர் மூட்டையைப் பார்க்கவே இல்லை. "பேடப்பா, வேணாம். நான் என்ன கோயில் வாசல்ல துண்டு விரிச்சா உக்காந்திருக்கேன்?"

ஸ்டீபன் அண்ணன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "மூட்டையப் பிரிச்சுக் குதிர்ல கொட்டு. வாயத் தெறக்காத." கொட்டினேன். எங்கள் தெருக்களின் கேழ்வரகு ஊர்க் கேழ்வரகோடு கலந்துபோயிற்று.

மாரப்பன் என்ற விவசாயி எழுந்தார். ஆண்டு தவறாமல் பங்கு கொடுத்தவர். "குடுத்தவனுக்குத்தான் குதிரு. பாடுபட்டு நாங்க கொட்டுவோம், வீம்பு புடிச்சவன் வந்து அள்ளிக்குவானா? நாளைக்கு எவன் பங்கு குடுப்பான்?"

நியாயமான கேள்வி. பசப்பா மாட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கிளம்பத் தொடங்கினார்.

அப்போதுதான் முனியம்மா பேசினார். போன ஆண்டு யானைகள் அழித்தது இவருடைய கொல்லையைத்தான் என்று ஸ்டீபன் அண்ணன் என் காதில் சொன்னார்.

"பசப்பண்ணா, நில்லு. ஓவ் மாரப்பா, போன வருசம் மிச்சம் இருந்த என் கதிர களத்துல யாரு மாடு மிதிச்சுக் குடுத்துச்சு? சொல்லேன்."

மாரப்பன் குனிந்து காலில் ஒட்டிய உமியைத் தட்டினார்.

"நானே சொல்றேன். இந்த அண்ணனோட மாடுதான். கூலி கேட்டாரா? நீ மாடு குடுத்தியா? 'அது சினை, ஓட்டக் கூடாது'ன்னியே, ரெண்டும் காளையா இருந்துச்சு!"

களம் வெடித்துச் சிரித்தது. மாரப்பனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதுக்கு இப்ப என்னாங்கிற?"

"யானை மேஞ்சவளுக்கு அவரு மாட்டக் குடுத்தாரு. அது பங்குல சேராதா? மரக்கால்ல அளந்தாத்தான் பங்கா?"

யாருடைய சம்மதத்துக்கும் அவர் காத்திருக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதிரண்டை போய் மரக்காலை எடுத்தார். இந்தப் பக்கத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். "லாபம்!" என்று உரக்கச் சொல்லி, மரக்காலின் தலையைத் தட்டி மட்டமாக்கினார். கொட்டுவதற்குச் சாக்கைப் பிடிக்க ஆள் இல்லை. மரக்கால் அவர் கையிலேயே நின்றது. நான் முன்னால் போகப் பார்த்தேன். ஸ்டீபன் அண்ணன் மறுபடியும் என் சட்டையைப் பிடித்தார்.

மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். "கொட்டு. சிந்தாமக் கொட்டு" என்றார்.

"ரெண்டு... மூணு..." என்று களமே சேர்ந்து எண்ணியது, சிலர் கன்னடத்தில், சிலர் தெலுங்கில். பசப்பா திரும்பி நின்று மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். சாக்கு நிரம்பியதும் ஸ்டீபன் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்குக் குழி வெட்ட ஆள் வருதே, அவங்களுக்கு என்ன சொல்றது?"

"முள்ளெடுக்கச் சொல்லுங்கண்ணா!" என்றார் முனியம்மா.

அன்றிரவு ஊரிலேயே தங்கினேன். மறுநாள் வெயில் ஏறும் முன்பே தடத்தில் வேலை தொடங்கிவிட்டது. மண்வெட்டியோடு வந்த ஆட்கள் முதலில் திருதிருவென விழித்தார்கள். பிறகு கவைக்கோலை வாங்கிக்கொண்டு முள்ளைத் தள்ளினார்கள். பசப்பா வெறுங்கையாலேயே இழுத்தார். அவசரப்பட்டு நானும் அப்படியே இழுத்தேன். "ஏய் பட்டணம், நுனியப் புடிக்காத, அடியப் புடி!" என்று அதட்டினார். அதன்பின் நாள் முழுக்க அவருக்கு நான் 'பட்டணம்'தான். குதிருக்கு அவர் என்ன தரப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. புறப்படும்போது அவரே மாரப்பனிடம், "உன் போரு எப்ப? மாட்ட ஓட்டிட்டு வர்றேன். என்னுதுல எதுவும் சினை இல்ல" என்றார்.

சேலத்தில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு முந்தி நின்றவரை நாங்கள் ஆறு மாதம் மன்னிப்பதில்லை. பசித்தவன் கோபத்தையும் யானையின் பசியையும் ஒரே மரக்காலில் அளக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களோடு நிற்கும் ஓசூர்க் குழுவுக்குப் பெரிய ஆதரவு எதுவும் இல்லை; சைக்கிளும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் இருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களே, அருகிலுள்ள இப்படியொரு குழுவைத் தேடிப்போய், உங்களால் ஆனதைக் கொடுங்கள். கொடுத்த கையோடு திரும்பிவிடாமல் ஒரு நாள் அவர்களோடு இருந்துவிட்டும் வாருங்கள். எனக்குக் கிடைத்த அந்த ஒரு நாளுக்கு நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் புளிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என் கைகளைப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"ஐயோ, கையெல்லாம் கீறல்! எங்க விழுந்தே சாமி?"

"விழலீங்கம்மா. யாரும் விழாம இருக்க வழியைத் தொறந்து வெச்சோம்" என்றேன்.