வழி தவறி அருவிக்கு வந்த சம்பந்தி

சம்பந்தி வீட்டு வாசலைக் கடக்கும்போது அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காருக்குள் குனிந்தவன் நான். வயது ஐம்பத்து மூன்று. இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்ததும் நான்தான்.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்ததும் வடக்கே எங்கேயோ பனிமலைக்குப் போய்விட்டார். மகள் மேலகரத்தில் மாமனார் வீட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். மாமியார் இல்லை, சில வருஷங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் ஓய்வு பெற்ற போலீஸ் எஸ்.ஐ. மருமகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அவள் மீட்டிங் முடிந்து சாப்பிட வரும்வரை ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டே இருப்பவர். ஒருவருக்கு ஒருவர் துணை.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தியிடம் போனில் கேட்டேன்.

"பயலே பனிமலையில கெடக்கான். ஆடிக்குப் பிரிச்சு வைக்க இங்கன ஜோடி எங்க இருக்கு, சம்பந்தி?" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "எதுக்கும் நேர்ல வாங்க. புதன்கெழமை பன்னெண்டு மணிக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்கு முன்னால வந்துருங்க. பேசுவோம்."

அந்தப் 'பேசுவோம்' என் மனைவியைத் தூங்க விடவில்லை. "அனுப்புதேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று சொல்லிக்கொண்டே மகளின் அறையைக் கழுவினாள். நான் சட்டை காயப்போட மட்டும் பயன்படுத்தி வந்த உடற்பயிற்சி சைக்கிள் அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போயிற்று. கடைசியில் என்னிடம் வந்து சொன்னாள்: "பிள்ளை ஒரு மாசம் எம் பக்கத்துல படுக்கணும். அதை ஏதாவது பண்ணிக் கெடுத்தீங்க, நீங்க வாசல்லதான் படுக்கணும்."

கெடுக்கும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. ஆனால் ஆடி வருவதும் குற்றாலத்தில் சாரல் விழுவதும் ஒரே சமயத்தில் என்றால் அது என் குற்றமா?

புதன்கிழமை காலையில் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினோம். சங்கரன்கோவில் வரைக்கும் வெயில். சுரண்டையை நெருங்கும்போது காற்று மாறியது. மேற்கே மலை தெரிந்தது, அதன் மேல் மேகம் நனைந்த பஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்து, மனைவி தலையில் வைத்திருந்த மல்லிகைச்சரத்தைப் பின்சீட்டுக்குக் கொண்டுபோயிற்று. அவள் திட்டவில்லை, சிரித்தாள். எனக்கு அங்கேயே புத்தி இளக ஆரம்பித்துவிட்டது.

அடுத்த திருப்பத்தில் சூரியகாந்தி வயல். ரோட்டோரத்திலிருந்து அடிவானம் வரைக்கும் ஒரே மஞ்சள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தியது நான் இல்லை, அவள்தான். இதைப் பதிவு செய்வது முக்கியம்.

வரப்பில் இறங்கினோம். சாரல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. அவளைப் பூக்களுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்தேன். "பூ முழுசா தெரியணும்" என்றாள். ஓர் அடி பின்னால் போனேன். "என் சேலை பார்டர் தெரியணும்" என்றாள். இன்னோர் அடி போனேன். பின்னால் வாய்க்கால் இருந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டியோடு இடுப்பளவுச் சேற்றுக்குள் உட்கார்ந்தேன். போனை மட்டும் தலைக்கு மேல் பிடித்திருந்தேன்.

வழுக்கியது நிஜம். ஆனால் கால் கொஞ்சம் தயாராகத்தான் இருந்தது என்று மனைவி இன்றுவரை சந்தேகப்படுகிறாள். அதற்குக் காரணம் இருக்கிறது. மாற்று வேட்டி தேடி டிக்கியைத் திறந்தாள். வேட்டி இல்லை. ஸ்டெப்னிக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ஒரு பை மட்டும் கையில் அகப்பட்டது. உள்ளே ஓர் அரை டிரவுசர், நீலக்கட்டம் போட்ட துண்டு, சீயக்காய்ப் பொட்டலம்.

"மாத்து வேட்டி எடுக்க மறந்துட்டு. சீயக்காய் மட்டும் ஞாபகம் இருந்துருக்கு, என்ன?"

"சேத்தோட சம்பந்தி வீட்டுக்குப் போக முடியுமா? அருவியில ஒரு நிமிஷம் அலசிட்டு, அப்படியே காத்துல காயப்போட்டு..."

"மணியப் பாருங்க."

"பத்தரைதான். பன்னெண்டுக்கு நிறைய நேரம் கெடக்கு."

சம்பந்தி வீட்டுக்கென்று கொண்டுவந்த பழத்தட்டை அவள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குற்றாலத்தில் பிரச்சினை என்னவென்றால், தென்காசியிலிருந்து அருவிக்குப் போகிற ரோட்டில்தான் மேலகரம் இருக்கிறது. மேலகரத்தில் அந்த ரோட்டின் மேலேயேதான் சம்பந்தி வீடு இருக்கிறது. வீட்டின் கேட்டுக்குப் பக்கத்தில்தான் அவர் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். படிப்பது பேப்பர் என்றாலும் பார்ப்பது வண்டி நம்பரை. சர்வீஸில் வந்த பழக்கம். போகிற வண்டிகளை வைத்தே அருவியில் எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடுவார்.

ஆகவே துண்டை எடுத்துத் தலையில் போட்டேன். குனிந்தேன். எதிரே வந்த பால்காரர் மொபெட்டை ஓரம் கட்டி, என் குடும்பத்தைப் பற்றி ஏதோ சொன்னது காதில் விழுந்தது. நிமிர்ந்தபோது வீட்டைத் தாண்டியிருந்தோம்.

"பாத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கும்பிட்டேன். அவரும் திருப்பிக் கும்பிட்டாரு."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் வண்டியைத் திருப்பியிருப்பான். ஆனால் அதற்குள் அருவியின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டபிறகு வண்டியைத் திருப்பத் தெரிந்த மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

மெயின் அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டாள். நான் அரை டிரவுசரோடு ஓடினேன். 'எண்ணெய் தேய்க்கலியா, அண்ணாச்சி?' என்று கூப்பிட்டவரிடம், 'நேரமில்லை, அவசர வேலையா வந்திருக்கேன்' என்று சொல்லிவிட்டு ஓடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே கொடுத்தேன். அடி! முதுகில் நூறு பேர் சேர்ந்து மொத்துகிற மாதிரி. மூச்சு நின்று திரும்ப வந்தது. யாருடைய முழங்கையோ என் விலாவில், என் கால் யாருடைய காலின் மேலேயோ. ஒருவரும் கோபப்படவில்லை. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆ'வென்று கத்தினார். நானும் கத்தினேன். அடுத்தவரும் கத்தினார். வீட்டுக்கடன், சுகர் மாத்திரை, சம்பந்தி எல்லாம் தலை வழியாக இறங்கிக் காலடியில் ஓடிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் மூச்சு வாங்க வெளியே தலையை நீட்டினேன். அப்போதுதான் போலீஸ் மைக் பேசியது.

"பொதுமக்கள் கவனத்திற்கு. கோவில்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பி, வழி தவறி அருவிக்கு வந்துவிட்ட அண்ணாச்சி ஒருவர்... வயது ஐம்பதுக்கு மேல், நீலக்கட்டம் போட்ட துண்டு வைத்திருப்பார்... எங்கிருந்தாலும் மைக் அருகில் வரவும். உங்கள் சம்பந்தி காத்திருக்கிறார்."

அருவிக்கரை முழுக்கச் சிரித்தது. "எவனோ வசமா மாட்டிக்கிட்டாம்லே!" என்றார் வழுக்கைத் தலைக்காரர். நானும் கூடச் சிரித்தேன். பிறகு அவர் என் தோளைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒம்ம துண்டும் நீலக்கட்டந்தான?"

மைக் பக்கத்தில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. அவரிடம் முன்பு வேலை பார்த்த போலீஸ்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மலையைப் பார்த்து நின்றார். நான் சொட்டச் சொட்டப் போய் நின்றேன்.

"தண்ணி எப்படி விழுது?" என்றார்.

"நல்லா... நல்லாத்தான் விழுது, சம்பந்தி."

"அழைக்க வந்த மனுசன் கேட்டைத் தாண்டிப் போறாரேன்னு பாத்தேன். வீடு மறந்துட்டோன்னு பின்னாலேயே வந்தேன்."

"வேட்டியெல்லாம் சேறு. அப்படியே வந்து நின்னா மரியாதையா இருக்காதுன்னு..."

"எங்க வீட்டுக் குழாயில தண்ணி வராதோ?"

துண்டைப் பிழிய ஆரம்பித்தேன். அதற்குள் அவருடைய மொபெட்டை நிறுத்திவிட்டு என் மகள் வந்தாள். "அப்பா, நம்ம மானம் மைக்கில போச்சு" என்றாள். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "நல்லவேளை, இந்த சாக்குலயாவது நான் அருவியப் பாத்தேன். சீசன் ஆரம்பிச்சதுல இருந்து தினமும் மீட்டிங்தான்." கையில் ஒரு பை. அம்மாவுக்கு மாற்றுத்துணி கொண்டு வந்திருந்தாள். காரைப் பார்த்து ஓடினாள்.

சம்பந்தி அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒவ்வொரு சீசனுக்கும் இங்கன டூட்டி போடுவாவ. விசில் ஊதி ஊதி எல்லாரையும் குளிக்க வச்சேன். நான் நனைஞ்சது கெடையாது" என்றார். பிறகு சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார். சட்டை, வேட்டி, வாட்ச் எல்லாம் மைக் பிடித்திருந்த போலீஸ்காரர் கைக்குப் போயின.

தண்ணீருக்குள் அவர் வேறு ஆளாகிவிட்டார். மீசை வழிந்து தாடையில் ஒட்டிக்கொண்டது. என் கையைப் பிடித்து இழுத்தார். "அங்கன எதுக்கு நிக்கேரு? இடது பக்கம் வாரும் வே! இங்கனதான் அடி நல்லா விழும்!"

வே! கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து 'வாங்க, போங்க' என்றே பேசியவர். அந்த ஒரு 'வே'யில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் மனைவி கையில் இருந்தது.

அவளும் மகளும் பெண்கள் பக்கத்திலிருந்து கைகோத்துக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பு நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "மணி என்ன?"

போலீஸ்காரர் கையிலிருந்த வாட்சைப் பார்த்துச் சம்பந்திதான் சொன்னார். "பன்னெண்டு தாண்டிட்டு, தங்கச்சி. ராகுகாலம் வந்தாச்சு. இனிமே சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

மறுபடியும் 'பேசுவோம்'. அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

வீட்டில் அவரே பரிமாறினார். என் வேட்டி காயவில்லை என்பதால் அவருடைய வேட்டி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். என்னைப்போல ஒன்றரை மடங்கு இடுப்புள்ளவருக்கு எடுத்த நீளம் அது. மனைவி சோற்றைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம். பசிக்கவில்லை என்றாள். அருவியில் குளித்துவிட்டு வந்து பசிக்கவில்லை என்று சொல்கிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒன்றரை மணி ஆனதும் எழுந்தேன். பழத்தட்டை இரண்டு கையிலும் ஏந்தி, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வசனத்தை ஆரம்பித்தேன். "எங்க வீட்டுப் பிள்ளையை ஆடிக்கு அழைச்சுட்டுப் போறதுக்கு, உங்க உத்தரவு..." உத்தரவு என்ற இடத்தில் வேட்டி நழுவியது. தட்டை விட முடியாது. நல்லவேளை, மகள் பாய்ந்து பிடித்தாள். சம்பந்தியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு அவரிடமே மரியாதை காட்டுவதில் இருக்கிற ஆபத்து இது.

அவர் சிரிக்கவில்லை. மகளின் லேப்டாப் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ மீட்டிங்ல இங்கிலீஷ்ல யாரையாவது சத்தம் போட்டுக்கிட்டே இருப்பா. எனக்கு ஒண்ணும் புரியாது. இருந்தாலும் வீட்டுல ஆள் இருக்குதுன்னு இருக்கும்" என்றார்.

மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். மகள் மெதுவாகச் சொன்னாள், "மாமா, வேண்டாம்னா நான் இருந்துக்கிடுதேன்."

"ஏட்டி, சும்மா இரு" என்று அவளை அதட்டினார். எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "கூட்டிட்டுப் போங்க, தங்கச்சி. அவளும் உங்களைத் தேடித்தான் இருக்கா."

மனைவி அப்போதுதான் இலையில் மீதி இருந்த சோற்றைப் பார்த்தாள். ரசம் கேட்டாள். இரண்டு தடவை.

சாயங்காலம் தாயும் மகளும் பின்சீட்டில் ஏறி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள். முன்னால் நான் மட்டும் வாடகைக்கார் டிரைவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன், இன்னமும் அவருடைய வேட்டியில்தான். வண்டியைக் கிளப்பும்போது சம்பந்தி என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"ஆடி முடிஞ்ச மறுநாளே எம் மருமகளையும் வேட்டியையும் கொண்டாந்து சேத்துரும் வே. நேரா கேட்டுக்குள்ள வரணும். தாண்டிப் போனீரு, அடுத்த தடவை மைக்ல பேரையும் சேத்துச் சொல்லிருவேன்."