கடலடி மணல்

இந்த அரபு நாட்டில் எங்கள் லேபர் கேம்ப் இருக்கும் சோனாப்பூரிலிருந்து எங்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ் கடலோர சைட் வாசலில் நிற்கிறது. கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டிப் புதுத் தீவு கட்டுகிறார்கள். கொதிக்கிற அந்த மணலில், கானா நாட்டுக் கடற்கரை ஊரான கேட்டாவிலிருந்து வந்த வாட்ச்மேன் கோஃபி வெறுங்காலோடு நிற்கிறான். ஃபோர்மன் பார்த்தால் வேலை போகும்.

"பைத்தியமா பாய்? பூட்ஸைப் போடு!" என்று பஸ் ஜன்னல் வழியாக இந்தியில் கத்துகிறேன்.

"எங்க ஊர்ல கடல் முதல்ல வீட்டைத் தின்னுச்சு, அப்புறம் கல்லறையை. அதுல புதைச்ச எங்கப்பாவும் கடலோட போயிட்டாரு. கடல் மண்ணை எப்படி பாய் பூட்ஸால மிதிக்கிறது?"

"உன் கடல் ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பக்கம்டா!"

"தண்ணிக்கு நடுவுல சுவரா இருக்கு?"

ஃபோர்மன் வண்டி தெரிகிறது. கோஃபி பூட்ஸை மாட்டுகிறான். ஒவ்வொரு அடிக்கும் மணலிடம் மன்னிப்புக் கேட்டபடி நடக்கிறான்.

நான் இறங்குகிறேன். பூட்ஸுக்கடியில் மணல் மெத்தென்று உள்வாங்குகிறது, ஆள் மேல் நிற்கிற மாதிரி. எவன் இதைத் தோண்டச் சொன்னான்?