லுவோ சித்தியின் குடை

லுவோ சித்தி கதவைத் தட்டுவதில்லை. சீனாவின் செங்டு நகரத்துக்கு மொழி படிக்கப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, சாவியைப் போட்டு என் அறையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். போர்வையை விலக்கி என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெறுங்காலோட தரையில நடந்திருக்கே. அதான் மூஞ்சியில பரு. எழுந்து சூடு தண்ணி குடி."

நான் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டேன். ஊரிலேயே இரண்டு வருடம் சீனம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். விடுதிப் பொறுப்பாளரான ஒரு பெண்மணி என் காலைப் பிடித்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் அந்தக் கட்டடத்தின் வாசல் மேசைதான் அவர் ராஜ்ஜியம். யார் பெயரும் அவர் வாயில் நுழையாது. நாட்டின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ மங்கோலியா, செருப்பை எடு! தான்சானியா, நேத்து ராத்திரி என்ன பாட்டு அது, ஆடு கத்துற மாதிரி?" நான் இந்தியா. முதல் வாரமே என் வயது, எடை, அப்பா சம்பளம், காதலன் உண்டா என்பது வரை எல்லாவற்றையும் மாடிப்படியில் நிற்கவைத்துக் கேட்டு வாங்கிவிட்டார். "குண்டாயிட்டே" என்று நவம்பரில் சொன்னார். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு பாத்திரம் நிறைய வேகவைத்த பன்றியிறைச்சியோடு வந்து, சாப்பிடாமல் இருந்ததற்குத் திட்டினார்.

அவருக்கு ஒரே மகள், ஜிங்யா. முப்பத்திரண்டு வயது, சோங்சிங்கில் வேலை, கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாள் என் கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்.

"இன்னொரு தடவை நான் குடைக்குப் போனேன்னு தெரிஞ்சா, புத்தாண்டுக்கு வீட்டுக்கே வரமாட்டாளாம். அப்படித்தான் ஒரு வருஷம் வரல. ரெண்டு கிண்ணம் வெச்சு நான் ஒருத்தியா சாப்பிட்டேன்."

"குடையா?"

"பூங்காவுல, பொண்ணே. பெத்தவங்க வரன் பாக்குற இடம்."

"இப்ப போறதில்லையே?"

"சீ, சீ. விட்டு மூணு வருஷம் ஆச்சு."

வருடத்திலேயே பகல் மிகக் குறைந்த குளிர்கால நடுநாள் அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஊரே ஆட்டு சூப் குடிக்கக் கிளம்பும் நாள். காலையில் சித்தி என் அறைக்குள் நுழைந்து, "கிளம்பு, பூங்காவுக்குப் போலாம். பேசிப் பழகணும்னியே" என்றார். கையில் பிளாஸ்க், மடக்கு நாற்காலிகள், சூரியகாந்தி விதைப் பொட்டலம், ஒரு கறுப்புக் குடை. வானத்தில் மழையே இல்லை.

பூங்காவில் பார்த்ததை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பாதையின் இருபுறமும் விரித்த குடைகள் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கிளிப் போட்டு ஒரு தாள். பின்னால் அம்மாக்கள், அப்பாக்கள், கறிகாய்ச் சந்தையில் உட்காருவது போல. பிறந்த ஆண்டு, உயரம், சம்பளம், நகரின் எந்த வட்டச் சாலைக்குள் வீடு. பிள்ளைகள் ஒருவர்கூட அங்கே இல்லை.

சித்தி தன் குடையை விரித்துத் தாளை மாட்டினார். "சித்தி, ஜிங்யா அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"அவளைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. நீயே படி."

படித்தேன். பெண். இந்தியா. டிராகன் ஆண்டில் பிறந்தவள். உயரம் நூற்று அறுபது சென்டிமீட்டர். காரம் தின்பாள். சூடு தண்ணீர் குடிக்கப் பழகி வருகிறாள். கோபம் வராது.

கடைசி வரியைப் படிக்கும்போது எனக்குக் காது வரை கொதித்தது. "என்னைக் கேட்டீங்களா?"

"உங்க ஊர்லயும் பெத்தவங்கதான் பாப்பாங்கன்னு நீதானே சொன்னே? அவங்க தூரத்துல இருக்காங்க, நான் பக்கத்துல இருக்கேன்." குரலைத் தாழ்த்தினார். "தாள் இல்லாம இங்க உக்கார முடியாது, பொண்ணே."

தாளைப் பிய்க்கக் கையை நீட்டினேன். அப்போதுதான் பின்னால் ஒரு குரல்.

"அம்மா!"

ஜிங்யா. தாயை ஆட்டு சூப்புக்குக் கூட்டிப்போக, முன்கூட்டிச் சொல்லாமல் ரயிலேறி வந்திருக்கிறாள். விடுதியில் கேட்டதும் பூங்காவுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"உனக்கு இல்லை! இந்தப் பொண்ணுக்கு!"

ஜிங்யா தாளைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். "நீ கேட்டியா?"

சித்தி என்னைப் பார்க்கவே இல்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு கிண்ணங்கள் என் நினைவுக்கு வந்தன.

"ஆமா. நான்தான் கேட்டேன்."

பக்கத்துக் குடையின் சியாங் பெரியவர் அத்தோடு விட்டிருக்கலாம். "அட, லுவோ, இவதானா உன் பொண்ணு? மூணு வருஷமா வாராவாரம் இவ கதைதானே கேக்குறோம்!"

ஜிங்யா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "உங்க பையனுக்கு எத்தனை வயசு?"

"முப்பத்தாறு. கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு."

"என்னது? அப்ப எதுக்கு இங்க குடையை விரிச்சுக்கிட்டு...?"

"அவன் ஷென்ஜென்ல இருக்கான். வீட்டுல இருந்தா டிவிதான் பேசும். இங்க நாலு பேர் வந்து நின்னு பையன் எப்படின்னு கேப்பாங்க." எதிர்வரிசையைக் காட்டினார். "அந்தம்மா பொண்ணுக்குக் குழந்தையே பொறந்தாச்சு."

அந்தம்மா வெட்கத்தோடு கையசைத்தார்.

நான் திகைத்துப்போய் நின்றேன். என்னைவிட ஜிங்யா திகைத்திருந்தாள். வரிசை நெடுகிலும் உள்ள குடைகளைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவை. சித்தி தலையைக் குனிந்தபடி, "நான் கிளம்பிடறேன். இனிமே வரமாட்டேன். நீ புத்தாண்டுக்கு மட்டும் வந்துடு" என்றார்.

ஜிங்யா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவின் மடியிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை அள்ளினாள். என் தாளின் முன்னால் ஒரு பெண்மணி வந்து குனிந்தபோது, சாவிக்கொத்தில்லாத லுவோ சித்தியாகவே அவள் மாறிவிட்டாள்.

"பையன் என்ன பண்றான்?"

"பல் டாக்டர்."

"சொந்தக் கிளினிக்கா? வீடு எந்த வட்டம்? முடி இருக்கா?"

"பொண்ணு கொஞ்சம் கறுப்பா இருக்காளே?"

"உங்க பையன் பல்லுதானே பாக்கப் போறான்? இவ பல்லைப் பாருங்க. இந்தியா, சிரி!"

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய. சித்தி பிளாஸ்க் மூடியில் மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சூப்புக் கடைக்குப் போகும்போது இருட்டிவிட்டது.

சீனப் புத்தாண்டு இரவில் ஜிங்யா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் மூன்று கிண்ணங்கள் இருந்தன, ஒன்று எனக்கு. செருப்பைக் கழற்றும் முன்பே, "இந்தியா, இன்னும் இளைக்கலையா நீ?" என்று கேட்டாள்.

நான் அதன்பின் பல ஊர்கள் சுற்றிவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறேன். போன வாரம் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தார். பூங்கா, அதே கறுப்புக் குடை, ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் விதை கொறிக்கும் ஜிங்யா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடையில் இன்னும் என் தாள்தான். 'கோபம் வராது' என்ற வரியை அடித்துவிட்டு, 'நிறைய ஊர் சுற்றுவாள், வந்துவிடுவாள்' என்று எழுதியிருக்கிறார்கள்.