தடையாய் நின்ற சகோதரி

பாமணி ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்னச் சபையில் தபித்தாளின் ஆமென் பேர்போனது. மற்றவர்கள், ஜெபம் முடிந்தது, இனி கண்ணைத் திறக்கலாம் என்ற நிம்மதியில் ஆமென் சொல்வார்கள். தபித்தாள் ஜெபத்தின் நடுவிலேயே சொல்வாள். யாரோ ஒருத்தியின் மகனுக்கு வேலை வேண்டும் என்று கேட்டாலும், தான் பெற்ற பிள்ளைக்குக் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து வரும். "தபித்தா அக்கா பக்கத்துல உக்காந்தா நமக்கும் ஜெபம் வரும்" என்று பெண்கள் முன்கூட்டியே வந்து அவள் பக்கத்தில் இடம் பிடிப்பார்கள். அந்த ஆமெனை அவள் வாயிலிருந்தே பறித்த கதை இது. பறித்தவர் அவள் கழுத்தில் தாலி கட்டிய துரைராசு.

கல்யாணத்துக்கு முன்பு, கல்லூரி முதல் வருஷத்தில், தஞ்சாவூரில் நடந்த ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு அவள் போயிருந்தாள். கடைசி நாள் பிரசங்கியார் கையை நீட்டி, "கர்த்தருக்காக யார் போவீர்கள்?" என்று கேட்டார். இப்படிக் கேட்டால் பந்தலில் பாதிப் பேர் எழுந்து நிற்பது வழக்கம். அழுவார்கள், ஊரை விட்டு ஊழியம் செய்யப் போவதாகத் தங்களை ஒப்புக்கொடுப்பார்கள், மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போய் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கர்த்தரும் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றுதான் தோன்றுகிறது. தபித்தாளும் எழுந்து நின்றாள். அவள் மட்டும் அதை மறக்கவில்லை.

வரன் பார்க்க ஆரம்பித்தபோது அப்பாவிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். "ஊழியத்துக்குப் போறவரா இருந்தா மட்டும் சொல்லுங்கப்பா." நாகப்பட்டினத்தில் சர்க்கார் வேலையில் இருந்த மாப்பிள்ளை தேடி வந்தார். வேண்டாம் என்றுவிட்டாள். சொந்தக்காரர்கள், இந்தப் பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்து வந்தவர் துரைராசு. இரண்டு ஏக்கர் நஞ்சை, கணீரென்ற குரல், சபையில் வேதபாடம் வாசிக்கிற ஆள். தனியாகப் பேசச் சொல்லிக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றுகொண்டு அவர், "எனக்கும் அழைப்பு இருக்குங்க. ரெண்டு பேருமாப் போவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள்.

முதல் வருஷம் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதே, குறுவையை அப்படியே போட்டுவிட்டு எப்படிப் போவது? அடுத்த வருஷம் திறக்கவில்லை. வீடே காய்ந்து கிடக்கும்போது எப்படிப் போவது? அதற்கு அடுத்து மாமியாருக்குக் காலில் எலும்பு முறிவு. அப்புறம் மகள் ஹெப்சிபா பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், நர்சிங் படித்தாள், கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். ஒவ்வொரு தடவையும் துரைராசு மேலே பார்த்து, "கர்த்தருடைய வேளை இன்னும் வரல, தபித்தா" என்பார். கர்த்தரின் கடிகாரம் எப்படித்தான் துரைராசுவின் நாற்றங்காலைப் பார்த்துப் பார்த்தே ஓடியதோ தெரியவில்லை. தபித்தாளுக்குச் சந்தேகமே வரவில்லை.

நடுவில் ஒரு முறை மட்டும் அவள் போனாள். சுனாமி வந்த வாரம் சபையிலிருந்து ஒரு வேனில் நாகப்பட்டினம் கிளம்பினார்கள். துரைராசுவும் கூட வந்தார். வந்த வேகத்திலேயே, சம்பா அறுப்புக்கு ஆள் சொல்லியிருக்கிறேன் என்று திரும்பிவிட்டார். ஹெப்சிபாவை மாமியாரிடம் விட்டிருந்த தபித்தாள் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கினாள். தாயை இழந்த பிள்ளைகளுக்குத் தலை வாரினாள், குளிப்பாட்டினாள், ராத்திரியில் அலறி எழுந்தவர்களை மடியில் போட்டுத் தட்டினாள். இதற்குத்தான் பிறந்தோம் என்று வாழ்க்கையில் அவளுக்கு ஒரே ஒரு முறை தோன்றியது அங்கேதான். திரும்பி வந்து பழையபடி காத்திருந்தாள். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மிஷனரிகளுக்கென்று தனி டப்பாவில் போட்டாள். அந்தச் சபைப் பெண்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான் அது. மற்ற வீடுகளில் மறந்துபோகிற நாட்கள் உண்டு, அவள் வீட்டில் இல்லை.

துரைராசுவும் சும்மா இருந்துவிடவில்லை. சுற்றுவட்டாரச் சபைகளில் பிரசங்கம் செய்தார். மிஷனரி அழைப்பைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அவருக்குத்தான் முதலில் கலங்கும். ஊழியத்துக்காக ஏங்குகிற மனுஷன் என்று ஊரெல்லாம் பேர். தபித்தாளுக்கு அதில் பெருமையும் இருந்தது.

போன ஐப்பசியில், சம்பா நடவு முடிந்த கையோடு, பெண்கள் கூடும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பிரபு என்ற தம்பி வந்திருந்தார். ஒரு மிஷன் சங்கத்தின் ஆள். ஜில்லாவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர். ஒடிசா மலைப்பக்கத்தில் மிஷனரிகளின் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு ஒரு தாய் தேவை, வயது தடையில்லை, புருஷன் பெண்சாதியாக வந்தால் இன்னும் நல்லது என்று சொன்னார். தபித்தாளுக்கு நாகப்பட்டினத்துப் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. பிறகு எல்லாரையும் கண்களை மூடச் சொல்லி ஜெபித்தார்.

"ஆண்டவரே, இந்தச் சபையில ஒரு சகோதரி இருக்காங்க. அவங்க புருஷனை நீங்க கூப்பிட்டிருக்கீங்க. அவரும் தயாரா இருக்கார். ஆனா அந்த சகோதரி தடையா நிக்கிறாங்கப்பா. வீடும் வயலும் அவங்க கண்ணை மறைக்குது. அந்தக் கல்லான இருதயத்தை உடையுங்க ஆண்டவரே."

"ஆமென்! உடையுங்க ஆண்டவரே!" என்றாள் தபித்தாள்.

எந்தப் பாவி மகளோ, இப்படிப் புருஷனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாளே என்று அவளுக்கு நிஜமாகவே பரிதாபமாக இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அழக்கூடச் செய்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் ஆமென் சொல்லக் காணோம். பசி மயக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, அவர்களுக்கும் சேர்த்து இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

ஜெபம் முடிந்து கஞ்சியும் துவையலும் பரிமாறினார்கள். பாஸ்டரம்மா நேராக வந்து தபித்தாளைக் கட்டிக்கொண்டார். "எத்தனை வருஷத்து ஜெபம், தபித்தா! இன்னிக்கு நீயே ஆமென் சொன்ன பாரு, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"எதுக்கும்மா?" என்று கேட்டாள் தபித்தாள்.

பாஸ்டரம்மா பிரபுவைப் பார்த்தார். பிரபு தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் எங்க ஆளுங்ககிட்ட வருஷா வருஷம் கண்ணீரோட சொல்வாராம். 'நான் எப்பவோ ரெடி, வீட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்கறா, அவ மனசு மாறணும்னு ஜெபம் பண்ணுங்க'ன்னு. போன மாசம் நான் கேட்டப்பவும் அதையேதான் சொன்னார்."

தபித்தாளின் கையில் கஞ்சித் தம்ளர் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் குடித்து முடித்தாள். இத்தனை வருஷமாக, "ஊழியத்துக்குத் தடையா இருக்கிற இருதயங்களை மாத்துங்க" என்று பெண்கள் ஜெபித்தபோதெல்லாம் பெரிய ஆமெனாகச் சொன்னாளே, அத்தனையும் அவளைப் பற்றித்தான். கைப்பிடி அரிசியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சிலர் ஒரு மாதிரியாகச் சிரித்ததும், மிஷனரி ஜெபக்குழுவை நடத்த அவளை யாரும் கூப்பிடாததும் இப்போதுதான் விளங்கின. என் புருஷன் சொன்னது பொய் என்று அங்கேயே கத்தியிருக்கலாம். யார் நம்புவார்கள்? கல்லான இருதயம் பேசுகிறது என்பார்கள்.

"கஞ்சி நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் துரைராசு சாப்பிட உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். குழம்பு ஊற்றிக்கொண்டே, "மிஷன்காரங்க கேட்டா நீங்க என்னங்க சொல்வீங்க?" என்று கேட்டாள்.

"என்ன சொல்றது? கர்த்தருடைய வேளை வரலன்னு சொல்வேன்" என்றார் தட்டைப் பார்த்தபடி. "கொஞ்சம் ரசம் ஊத்து."

அவள் ரசம் ஊற்றினாள். அவர் உண்மையைச் சொல்லிவிட மாட்டாரா என்று அந்த நிமிஷம் வரைக்கும் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தது அதோடு நின்றது.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் சொன்னார். தபித்தாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் துரைராசு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்காக இத்தனை வருஷமா ஜெபம் பண்ணின எல்லாருக்கும் நன்றி. உங்க ஜெபத்தைக் கர்த்தர் கேட்டுட்டார். என் மனசுல ஒரு தடையும் இல்ல. எங்க வீட்டுக்காரரு எப்பக் கூப்பிட்டாலும் நான் வர்றேன், நாளைக்கே வர்றேன். அந்த ஒடிசா விடுதிக்கு எங்க ரெண்டு பேரையும் அனுப்பி வைங்க."

சபை அல்லேலூயா என்று அதிர்ந்தது. பாஸ்டர் துரைராசுவை முன்னால் அழைத்து இருவர் தலையிலும் கை வைத்தார். மைக் இல்லாமல் மணிக்கணக்கில் பேசுகிற மனுஷனுக்கு அன்று வாயில் ஈரமில்லை. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று முணுமுணுத்தார். பெண்கள் தபித்தாளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கடைசியில உடைஞ்சிட்டியே, தாயி!" என்று ஒருத்தி கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு தபித்தாள் தலை குனிந்து நின்றாள். அது அவளுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. அழைப்பு வேண்டுமென்றால் அந்தப் பழியையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படியில் அரிசி களைந்தாள். துரைராசு நிலைப்படியில் வந்து நின்றார்.

"சபை முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே."

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனாங்க?"

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிரசங்கக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "எனக்குப் பயம், தபித்தா. அந்த மலை, அந்த பாஷை. இந்த வயலை விட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் போகமாட்டேன்னு பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். உன்னை விட மனசில்லாம அப்படிச் சொல்லிட்டேன். மிஷன்காரங்க கேட்டப்ப, போகலன்னு சொன்னா இத்தனை நாள் பிரசங்கம் பண்ணினதெல்லாம் என்னாகும்? உன்மேல போட்டுட்டேன். ஒரு தடவையோட முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

தபித்தாள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க. எனக்குப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை. நானே சபை முன்னாடி எழுந்து, எனக்கு இஷ்டமில்ல, நான்தான் வரமாட்டேங்கறேன்னு சொல்லியிருப்பேன். உங்க மானத்துக்காகச் சந்தோஷமாச் சொல்லியிருப்பேன். நீங்க கேக்காமலே எடுத்துக்கிட்டீங்களே."

துரைராசு அழுதார். ஆனால் அழுது முடித்ததும், முட்டிவலியோடு மலை ஏற முடியுமா, வயலைக் குத்தகைக்கு விட்டால் திரும்பி வருமா என்று ஆரம்பித்தார். கடைசியில், "நீ வேணா முதல்ல போய்ப் பாரேன்" என்றார். அவள் சரி என்றாள். ஹெப்சிபா சென்னையிலிருந்து போன் செய்து, "அம்மா, அப்பா இல்லாம நீ மட்டுமா?" என்று பதறினாள். "ஆமாம்மா, நான் மட்டும்தான்" என்றாள் தபித்தாள்.

தை மாத அறுப்பு முடிந்த பிறகு தஞ்சாவூர் ரயிலடிக்குச் சபையே திரண்டு வந்தது. வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால் பாஸ்டர் துரைராசுவிடம், "நீங்களே ஜெபம் பண்ணி அனுப்புங்க" என்றார். எல்லாரும் கண்களை மூடினார்கள். துரைராசுவின் குரல் திரும்பி வந்திருந்தது.

"ஆண்டவரே, உமக்கென்று நான் எதையும் மறுக்கல. என் மனைவியையே ஊழியத்துக்குக் கொடுத்துட்டேன். இந்தத் தனிமையை, இந்தப் பலியை ஏத்துக்கோங்க ஆண்டவரே."

பெண்கள் விம்மினார்கள். "எவ்வளவு பெரிய மனசு!" என்று பாஸ்டரம்மா பக்கத்தில் முணுமுணுத்தார். அன்று தபித்தாள் மட்டும் கண்களை மூடவில்லை. புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூடிய இமைகளுக்கடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. அது நடிப்பில்லை. தான் சொல்வதை அவர் முழுசாக நம்பிவிட்டிருந்தார். வீட்டில் அவளிடம் அழுது சொன்னது எதுவுமே இப்போது அவர் முகத்தில் இல்லை.

ஜெபம் முடிந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். தபித்தாளின் ஆமென் வரவில்லையே என்று பாஸ்டரம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறியிருந்தாள்.