ரெண்டு சீட்டுக்கு ஏழு சீட்டு

கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிய பொருள்களில் கொஞ்சமும் பிரயோஜனம் இல்லாதது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, ஜப்பான்காரன் செய்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் சிக்னலில் பக்கத்து ஆட்டோவின் சக்கரம்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். மாதத்தில் இருபது நாள் ஓடும். மீதி நாள் பெங்களூர் அடுகோடியில் மெக்கானிக் பாயின் ஷெட்டில் படுத்துக்கொள்ளும்.

கல்யாணம் ஆனபோதும் பிரச்சினை வரவில்லை. நான் ஒரு சீட்டு, மனைவி ஒரு சீட்டு. பிறகு எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அல்சூர் வீட்டுக்கு மனைவியும் குழந்தைகளும் டாக்ஸியில் முன்னால் போக, நான் பக்கத்து சீட்டில் ஒரு ஃபிளாஸ்க்கையும் பிளாஸ்டிக் வாளியையும் உட்காரவைத்துக்கொண்டு பின்னால் போனேன். வாளிக்கு சீட் பெல்ட்கூடப் போட்டிருந்தேன்.

"நீங்க சாஃப்ட்வேர்ல தப்புக் கண்டுபிடிச்சுத்தானே சம்பளம் வாங்குறீங்க?" என்றாள் மனைவி அன்று மாலை. "நாம நாலு பேரு, வண்டியில ரெண்டு சீட்டு. இதுல என்ன தப்புன்னு கண்டுபிடிங்க."

கண்டுபிடித்தேன். காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி ஒன்று எடுப்பது என்று முடிவானது.

ஆனால் அதன் விலை என்ன? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். டேப்லெட்டும் கையுமாக ஒருவர் வந்து காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். "சார், இந்த மாடலே லிஸ்ட்ல இல்லியே," என்றார். பிறகு 'மற்றவை' என்று ஒரு இடத்தைத் தட்டினார். அவர் சொன்ன தொகைக்கு நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம், ஹெல்மெட்டும் சேர்த்து. நான் முறைத்ததும், "பழைய இரும்புக்கு இப்ப நல்ல ரேட் சார்," என்று ஆறுதல் சொன்னார்.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். ஒரே நாளில் எண்பது பேர் எழுதினார்கள். எழுபத்து மூன்று பேர், 'இது என் கனவு வண்டி' என்றார்கள். ஆறு பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஒருவர் தன் கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு நாள் வாடகைக்குக் கேட்டார். வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் பாயிடம் கேட்டேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே காரைப் பார்த்தார். அந்தக் காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

"சார், இது மார்க்கெட் ரேட் கேட்டு விக்கிற வண்டி இல்ல. இதுக்கு ஒரு பைத்தியத்தைத் தேடணும். முதல்ல நீங்க கிடைச்சீங்க. இன்னொண்ணு கிடைக்காமலா போகும்?"

அந்த இன்னொன்று ஒரு பல் டாக்டர் வடிவத்தில் கிடைத்தது.

பிரேசர் டவுனில் தன் வீட்டின் முன் அறையிலேயே கிளினிக் வைத்திருக்கும் அம்மா அவர். வயது அறுபதை நெருங்கும். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே தெரு. தமிழில் தொடங்கும் வாக்கியத்தை நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ முடிப்பார். கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கேனல் செய்துகொள்ளப் போயிருந்தேன். ஊசி போட்டு, பாதி முகம் மரத்து, வாய்க்குள் நாலைந்து சாமான்கள் இருக்கும்போது கேட்டார்.

"வெளிய நிக்கிற சிவப்பு வண்டி உங்களுதா?"

"ஆ," என்றேன்.

"விக்கிறீங்களா?"

"ஆ..."

"என்கிட்ட ஒரு ஏழு சீட்டர் இருக்கு. ரெண்டு பிள்ளைங்களும் வெளிநாடு போயிட்டாங்க. வீட்டுக்காரர் மெட்ரோ வந்த நாள்லேருந்து கார்ல ஏறுறதே இல்ல. ஆறு காலி சீட்டை இழுத்துக்கிட்டு நான் மட்டும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரேன். மாத்திக்கலாமா? காருக்குக் கார்?"

மேலே பணம் தர வேண்டும், உங்கள் வண்டியைவிட என் வண்டிக்கு மதிப்பு அதிகம், ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். வாய் என்னிடம் இல்லை. "ஆ ஆ ஆ" என்றுதான் வந்தது.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் டாக்டர். "ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டுவாங்க, பாத்துடலாம். இப்ப அகலமாத் திறங்க."

சனிக்கிழமை முழுவதும் நான் செய்த வேலைகளைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. இடது பின்பக்கம் நசுங்கிய தகட்டில் பாய் பட்டி மாவு வைத்து நிரப்பிய இடத்தில் மெழுகு போட்டுப் பளபளப்பாக்கினேன். உறுமும் சத்தம் வருகிற பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும், அது காதில் விழாதபடி பாட்டின் ஒலியைக் கூட்டிவைத்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் கிளம்பும். அல்சூரிலிருந்து ஓட்டிக்கொண்டு போவதால் அங்கே போய்ச் சேரும்போது சூடாகத்தான் இருக்கும், அதனால் அந்தக் கவலை இல்லை.

ஒரே கவலை என் மனைவிதான். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வாடகை வீட்டு ஓனர் வந்து, "எல்லாம் சௌகரியமா இருக்கா?" என்று மரியாதைக்குக் கேட்டாலே குழாயில் ஆரம்பித்து வரிசையாகச் சொல்லிவிடுவாள்.

"நீ பொய் சொல்ல வேணாம்," என்றேன். "பேசாம இருந்தா போதும். என்ன கேட்டாலும் சிரி."

"சரி, வாயே திறக்கல," என்றாள்.

ஞாயிறு காலை நான் சிவப்புக் காரில் போனேன். அவளும் குழந்தைகளும் ஆட்டோவில் வந்தார்கள். டாக்டர் வீட்டு வாசலில் கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒரு கையில் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி. இன்னொரு கையில் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்த காந்தம், தர்பூசணித் துண்டு வடிவத்தில்.

முதலில் பானெட் மேல் கையை வைத்தார். "காய்ச்சல் இருக்கே. ஆறட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சு நானே ஸ்டார்ட் பண்றேன்."

"எதுக்கு டாக்டர் அவ்வளவு நேரம்?"

"சூடா இருக்கும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் தம்பி."

பிறகு காந்தத்தைக் காரின் ஒவ்வொரு தகட்டிலும் ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கதவில் ஒட்டியது. முன்பக்கம் ஒட்டியது. இடது பின்பக்கத்தில் வைத்ததும் தர்பூசணி தொப்பென்று தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. விரலை மடக்கித் தட்டினார்.

"இங்க ஒரு ஃபில்லிங் இருக்கு. பெரிசு. எந்த டாக்டர் போட்டது?"

"அடுகோடியில..."

"நல்லாவே போட்டிருக்காரு. கலர் மேட்ச் பிரமாதம்."

கண்ணாடியைச் சக்கரத்துக்கு மேலே நுழைத்து, தலையைச் சாய்த்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். "சொத்தை ஆரம்பிச்சிருக்கு. இன்னும் வேர் வரைக்கும் போகல." நான் என் கடைவாயை நாக்கால் தடவிக்கொண்டேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நானும் சும்மா இருக்கவில்லை. ஏழு சீட்டரைப் பரிசோதித்தேன். டாக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தேன். உள்ளே மூன்று வாசனை அட்டைகள் தொங்கின. எதை மறைக்க மூன்று என்று முகர்ந்து முகர்ந்து பார்த்தும் தெரியவில்லை. இடது நடுக்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. "சைல்டு லாக்," என்றார் டாக்டர். "சைல்டு லாக்கை எடுத்துட்டேன் டாக்டர், அப்பவும் திறக்கல." "அப்ப ரொம்ப நல்ல சைல்டு லாக்."

நேரமானதும் அவர் சிவப்புக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இருமியது. இன்னொரு தடவை இருமியது. மூன்றாவது இருமலுக்குப் பிறகு கிளம்பியது. நான் பக்கத்து சீட்டுக்குப் போகக் கதவைத் திறந்தேன்.

"நீங்க வேணாம். ஓனர் பக்கத்துல இருந்தா பேசிக்கிட்டே வருவீங்க. நீ வாம்மா," என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு ஏறினாள். நான் இரட்டையர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றேன்.

தெருக்கோடியில் ஒரு ஸ்பீட் பிரேக்கர். பெங்களூரில் அதற்கு ஹம்ப் என்று பெயர், ஆனால் அந்த ஹம்ப் ஒரு குட்டிக் குன்று. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அந்தக் காரில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அடிவயிறு ஹம்பில் தட்டும். ஒருவர் இருந்தால் தட்டாது. நான்கு வருடமாக ஹம்ப் வரும்போதெல்லாம் மனைவி இறங்கி, நடந்து அந்தப் பக்கம் போய், மறுபடி ஏறிக்கொள்வாள். எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. சொல்லிச் செய்வதில்லை.

கார் ஹம்ப் முன்னால் மெதுவானது. கதவு திறந்தது. என் மனைவி இறங்கினாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, ஹம்ப்பைச் சுற்றி நிதானமாக நடந்து, அந்தப் பக்கம் போய்க் கைகட்டி நின்றாள். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கார் அசையவில்லை. டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு மெல்ல ஏறி இறங்கியது. மனைவி மறுபடி ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. மனைவியின் முகத்தில் ஒரு குற்ற உணர்வும் இல்லை.

"நான் ஒரு வார்த்தை பேசல," என்றாள் என்னிடம்.

"சத்தியமாப் பேசல," என்றார் டாக்டர். "எத்தனை ஹம்ப் தம்பி! நாலு தடவை இறங்கினா. ஏன்மான்னு கேட்டா சிரிக்கிறா."

அதற்கு மேல் நான் எந்த முகத்தோடு பணம் கேட்பது? இருந்தாலும் கேட்டேன். ஏழு சீட்டரின் கதவைச் சொன்னேன், அபூர்வமான மாடல் என்றேன், எண்பது பேர் எழுதினார்கள் என்றேன்.

"காருக்குக் கார்," என்றார் டாக்டர். "மேல ஒரு ரூபா கிடையாது. அப்படித் தரணும்னா உங்க மிஸஸையும் சேத்துக் குடுங்க. ஹம்ப் வந்தா இறங்க எனக்கும் ஆள் வேணுமில்ல?"

"நான் ரெடி டாக்டர்," என்றாள் மனைவி. அன்று அவள் வாய் திறந்து பேசிய முதல் வியாபாரப் பேச்சு அது. "ரெண்டு குழந்தைங்களையும் இவரு பாத்துக்கட்டும்."

கைகொடுத்து முடித்தோம். பேப்பர் மாறும்வரை இரண்டு வண்டியும் அவர் வீட்டிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அல்சூர் ஏரிக்கரை தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் எப்போதும் தனியாகத்தானே போவார்? ஒருவர் இருந்தால் கார் தட்டாதே! அவருக்கு அது ஒரு குறையே இல்லை. அதைக் காட்டித்தான் என் விலையைக் குறைத்திருக்கிறார். மனைவியிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "வாயத் திறக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இனிமே யாரும் திருப்பிக் கேக்க முடியாது. சொல்லுங்க, நான் கண்டுபிடிக்காதது என்னென்ன?"

யோசித்தேன். "மழை பெய்ஞ்சா வலது ஹெட்லைட் எரியாது."

"நல்லது. என் வண்டியில பெட்ரோல் முள் பொய் சொல்லும். கால் டேங்க்னு காட்டினா காலின்னு அர்த்தம்."

"டிக்கி சாவியால திறக்காது. முழங்காலால ஒரு தட்டு தட்டணும்."

"கடைசி சீட்டுல மழைத்தண்ணி சொட்டும். குடை வெச்சிருக்கேன், அதையும் சேத்துத்தான் குடுத்திருக்கேன்."

"ஸ்பீக்கர் சத்தம் நான் கூட்டி வெச்சது."

"தெரியும். மூணு வாசனை அட்டை எதுக்குன்னு கேக்கலையே?"

"எதுக்கு டாக்டர்?"

"போன வருஷம் ஒரு கூடை கருவாடு கவுந்துடுச்சு. வெயில் காலத்துல மட்டும் வரும்."

எனக்கு மூன்று, அவருக்கு மூன்று. சமம்தான் என்று மனதில் நினைத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டர் சிவப்புக் காரில் ஏறி, மூன்று இருமலுக்கும் பொறுமையாகக் காத்திருந்து, ஆபீஸ் வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க உறுமிக்கொண்டு போனார். பார்க்கவே அவ்வளவு பொருத்தமாக இருந்தது. கொஞ்சம் வயிறு எரிந்தது.

நான் ஏழு சீட்டரில் ஏறி ரிவர்ஸ் கியர் போட்டேன். காரின் பின்பக்கத்திலிருந்து, தெருவே அதிரும்படி, ஒரு கிறிஸ்துமஸ் மெட்டு ஒலித்தது. ஆனி மாதம். ஆர்.டி.ஓ. ஆபீஸ். பிரேக்கை மிதித்தேன், பாட்டு நின்றபாடில்லை. கியரை மாற்றினால்தான் நின்றது. சோதனை ஓட்டத்தில் ஒரு தடவைகூட அவர் என்னைப் பின்னால் எடுக்க விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. போன் போட்டேன்.

"ஐயோ, அது நாலாவது. மறந்துட்டேன்," என்றார் டாக்டர். மறந்தவர் குரல் மாதிரி இல்லை. "பையன் சின்ன வயசுல மாட்டினது. ஒயரைப் பிடுங்கினா பிரேக் லைட்டும் போயிடும் தம்பி, அப்படியே விட்டுடுங்க."

பாயிடம் கொண்டுபோய் எப்படியாவது நிறுத்தச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் என் குழந்தைகள் அந்த மெட்டைக் கேட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் அழும்போது, கிலுகிலுப்பைக்கும் பாலுக்கும் மசியாதவர்கள், அதைக் கேட்டதும் வாயைப் பிளந்துகொண்டு அமைதியாகிவிடுகிறார்கள். எனவே தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களை நடு சீட்டில் கட்டிவைத்து, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பத்தடி பின்னால், பத்தடி முன்னால், மறுபடி பத்தடி பின்னால் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சங்கத்துச் செயலாளர் இதுவரை இரண்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இரண்டாவதில், மெட்டையாவது மாற்றக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்.