நாலடி நகர்ந்த வரப்பு

“இந்த வரப்பு எப்பவும் இங்கயேதான் இருந்துச்சா?”

கண்ணிவெடி எடுக்க வந்த குழுவின் தலைவர் அன்று இப்படிக் கேட்டபோது, வேடிக்கை பார்த்து நின்ற எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. போர் நடந்த மூன்று வருடமும் நாங்கள் முகாமில் கிடந்தோம். எல்லோருக்கும் முன்னால் ஊர் திரும்பியவர், பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரரான கியரக்காவின் அண்ணன். அவர் மட்டும், “எங்கப்பா காலத்துலேர்ந்து இங்கதான் சார்” என்றார்.

கியரக்கா என்பது பட்டப்பெயர். பதினேழு வயதில் அப்பாவின் டிராக்டரில் ஏறியவர், நாற்பதைத் தாண்டியும் இறங்கவில்லை. அவருடைய பேச்சுகூட முதல் கியரில்தான் போகும் என்று கேலி செய்வார்கள். வருடந்தோறும் ஆற்று வெள்ளம் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும் பள்ளத்தாக்கு இது. விதையைத் தூவினாலே விளையும். அந்த விளைச்சலுக்காகவே இரண்டு படைகளும் மாறி மாறி இங்கே வந்து உட்கார்ந்தன. கடைசியாகப் போன படை, வயல்களில் வெடியைப் புதைத்துவிட்டுப் போனது.

அந்தப் படையின் வரைபடத்தில், கியரக்காவின் வயலில் வரப்பை ஒட்டி, இரண்டு வரிசையில் ஆறு வெடிகள் இருந்தன. வரப்பிலிருந்து அளந்து தேடியதில் ஒரே வரிசையில் மூன்றுதான் கிடைத்தன. அதனால்தான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அண்ணனின் பதிலை நம்பி, மீதியை வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

மண்ணில் ஈரம் இன்னும் நான்கு நாள் தாங்கும். அதற்குள் விதைக்காவிட்டால் இந்த வருடமும் நிவாரண மூட்டைதான். மறுநாள் காலை கியரக்கா மகளிடம் வயல் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கிளட்ச்சில் வைத்த கால் நடுங்கியதில் வண்டியும் குலுங்கியது. கலப்பையில் ஒரு கல் தட்டினாலும் உயிர் போய் வந்தது. வயலின் மறுகோடியில் தொடங்கி, ஒவ்வொரு சாலாக வரப்பை நெருங்கினார்.

வரப்பின் மேல் அண்ணன் நின்றிருந்தார். தன் வயலில் வேலை கிடந்தும் போகவில்லை. டிராக்டர் கடைசிச் சால்களுக்குத் திரும்பியதும் கையை ஆட்டினார், கத்தினார். இஞ்சின் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. செருப்பைக் கழற்றி வீசினார். அது பானெட்டில் பட்டு விழுந்தது.

கியரக்கா வண்டியை அணைத்தார்.

“நகத்தாத தங்கச்சி. வரப்ப நான்தான் தள்ளினேன். நீ வர்றதுக்கு முன்னாடி, உன் பக்கம் நாலடி.”

தன் நிலம் போனது முதலில் கியரக்காவின் மனதில் படவே இல்லை. குழு வரப்பிலிருந்து அளந்ததெல்லாம் நாலடி தப்பு என்பதுதான் பட்டது. கிடைக்காத மூன்றும் வரப்புக்கும் தனக்கும் நடுவில் எங்கேயோ இருக்கின்றன.

“நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணே. மூணடியா, நாலடியா?”

“நாலு. கயிறு போட்டு அளந்தேன்.”

“திருடுறதுலயும் கணக்குச் சுத்தம்” என்றார் கியரக்கா. “அங்கயே நில்லு. காலத் தூக்காத.”

தானும் அந்த வெடிகளுக்குப் பக்கத்தில்தான் மண்வெட்டி போட்டிருக்கிறோம் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒற்றைச் செருப்போடு மரம் மாதிரி நின்றார்.

கியரக்கா கலப்பையைத் தூக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பியபடி, தன் டயர் தடத்திலேயே வண்டியைப் பின்னால் எடுத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையெடுக்கவில்லை. சாலின் முனைக்கு வர இருபது நிமிடம் ஆயிற்று. இறங்கியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

குழு திரும்பி வந்தது. மூன்றும் கிடைத்தன. முதலாவது, முன்சக்கரம் நின்ற இடத்துக்கு ஒரு சாண் முன்னால்.

அண்ணனோடு இரண்டு மாதம் பேச்சில்லை. வரப்பை அவரே பழைய இடத்தில் போட்டார். இப்போது யார் உழவுக்குக் கூப்பிட்டாலும், கியரக்கா முதலில் அக்கம்பக்கத்து வயல்காரர்களைக் கூட்டி, “யாரு வரப்பத் தள்ளினீங்க? சண்டைக்கு வரல, உசுருக்குக் கேக்குறேன்” என்பார். இதுவரை ஐந்து பேர் தலை குனிந்தபடி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிளட்ச்சில் கால் இன்றும் நடுங்கத்தான் செய்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் உழாத வயல்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. போருக்குப் பின் ஊர் திரும்பும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். வரப்பைத் தள்ளியவர் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காமல், அளக்க வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும்.